கையெழுத்தம்மன் பக்கத்தில் ஓர் இடம்

நம்ம பக்கம் ஒரு கல்லை நிமிர்த்தி வைத்துவிட்டுப் பத்து நாள் வெளியூர் போய் வந்து பாருங்கள். திரும்பி வரும்போது அதற்கு ஒரு பெயர் இருக்கும். மஞ்சள் பாவாடை கட்டியிருக்கும். அதன் சக்தியைப் பற்றி உங்களிடமே ஒருவர் கதை சொல்வார்.

இருளப்பனுக்கு இது தெரியாமல் இல்லை. இருபத்தாறு வருஷம் பஸ் கண்டக்டராக ஊர் ஊராகப் போனவர். ஆனாலும் தன்னுடைய கல்லுக்கு இப்படி ஆகும் என்று அவர் நினைக்கவில்லை.

புதன்கிழமை காலையில் பட்டறைக்குள் மூச்சு வாங்க வந்து நின்றார். தையல்நாயகி ஒரு நந்தியின் காதுமடலைச் செதுக்கிக்கொண்டிருந்தார்.

தையல்நாயகிதான் குரு. வயது நாற்பத்தொன்று. அப்பாவிடம் வேலை கற்றுக்கொண்டு, அவருக்குப் பிறகு பட்டறையை நடத்துகிறவர். இருளப்பன் சீடர். வயது ஐம்பத்தெட்டு. குரு சீடரை 'அண்ணே' என்பார். சீடர் குருவை 'அம்மா' என்பார். அதில் இரண்டு பேருக்கும் சங்கடம் இருந்ததில்லை.

"அம்மா, ஒருத்தரும் உட்கார மாட்டேங்கறாங்க."

"எத்தனை நாளாச்சு?"

"இன்னியோட பதினொண்ணு."

"ஒருத்தர் கூடவா?"

"ஒருத்தர் கூட இல்ல. கும்பிடுறாங்க."

உளிச் சத்தம் நின்றது.

"என்னன்னு கும்பிடுறாங்க?"

"பேரே வச்சுட்டாங்கம்மா. கையெழுத்தம்மன்."

சொல்லும்போது அவருக்கு அழுகை வந்துவிட்டது. வயசான மனுஷன் அழுதால் பார்க்கவா முடிகிறது? தையல்நாயகி எழுந்து போய் ஒரு சொம்பு தண்ணீர் கொண்டுவந்து கொடுத்தார்.

விஷயம் இதுதான். ஆறு வருஷத்துக்கு முன்னால் இருளப்பனின் மனைவி தனபாக்கியம் மாவட்ட ஆஸ்பத்திரியில் கிடந்தார். ஒரு நாள் காலையில் டாக்டர் ஒரு பேப்பரைக் கொடுத்தார். ஆபரேஷன் செய்தால் பிழைக்கலாம், பிழைக்காமலும் போகலாம். செய்யாவிட்டால் கொஞ்ச நாள் இருப்பார். யோசித்து, பதினொரு மணிக்குள் கையெழுத்துப் போட்டுக் கொண்டுவாருங்கள் என்றார். டாக்டர் நல்ல மனிதர். ஒன்றையும் மறைக்காமல்தான் சொன்னார். ஆனால் யோசிக்க ஒரு இடம் வேண்டாமா? வராண்டாவில் கால் வைக்க இடமில்லை. வெளியே வெயில் கொளுத்துகிறது. இருளப்பன் பேப்பரைக் கையில் பிடித்துக்கொண்டு வளாகத்தைச் சுற்றினார். மறுபடியும் சுற்றினார். கடைசியில் சுவரில் வைத்து, நின்றுகொண்டே கையெழுத்துப் போட்டார். தனபாக்கியம் திரும்பி வரவில்லை.

போட்டது சரியா தப்பா என்று கூட அவர் கேட்டுக்கொள்ளவில்லை. யோசித்துப் போட்டேனா, கால் வலி தாங்காமல் போட்டேனா? இந்த ஒரு கேள்விதான் அவரை ஆறு வருஷமாக அரித்தது.

காரியம் முடிந்த கையோடு கண்டக்டர் வேலையை விட்டார். பட்டறையில் வந்து சேர்ந்தார். ஐந்து வருஷம் கல் உடைத்து, கை காய்த்து, பிறகு அந்த ஆஸ்பத்திரி வளாகத்துக்கு ஒரு பெஞ்சு செய்தார். ஒரே கருங்கல். பெஞ்சின் ஒரு ஓரத்தில் ஒரு பெண் உட்கார்ந்திருப்பாள். லேசாக இந்தப் பக்கம் சாய்ந்து, ஒரு கையைப் பக்கத்துக் காலி இடத்தில் வைத்திருப்பாள். நம் வீடுகளில் "வா, வந்து உட்காரு" என்று பாயைத் தட்டுவார்களே, அந்தக் கை. பேப்பரோடு வருகிறவர்கள் அவள் பக்கத்தில் உட்கார்ந்து நிதானமாக யோசிக்க வேண்டும். அவ்வளவுதான் அவருடைய ஆசை.

முகம் யாருடையது என்று அவர் சொல்லவில்லை. குருவும் கேட்கவில்லை.

பெஞ்சை இறக்கிய அன்றைக்கு மதியமே நெற்றியில் குங்குமம். துடைத்தார். மறுநாள் மாலை. எடுத்துப் போட்டார். 'இங்கே உட்காரலாம்' என்று ஒரு போர்டு எழுதி நட்டார். போர்டுக்கும் சந்தனம் வைத்துவிட்டார்கள். வேப்பமரக் கிளையிலிருந்து யாரோ ஒரு மணியைக் கட்டித் தொங்கவிட்டார்கள். வாசலில் பூ விற்கிற முத்துப்பேச்சி கூடையைத் தூக்கிக்கொண்டு சிலைக்கு எதிரே வந்து உட்கார்ந்துவிட்டாள்.

இதெல்லாம் கூடப் போகட்டும், ஆறாம் நாள் நடந்ததுதான் மோசம். ஒரு ஆள் கையெழுத்துப் பேப்பரோடு வந்தான். அதைச் சிலையின் கைமேல் வைத்தான். கற்பூரம் காட்டினான். கன்னத்தில் போட்டுக்கொண்டு, பேப்பரை எடுத்துக்கொண்டு விறுவிறு என்று உள்ளே போய்க் கையெழுத்துப் போட்டுவிட்டான். ஒரு எலுமிச்சம்பழம் பிழிகிற நேரம் கூட ஆகவில்லை. அதற்கப்புறம் வருகிறவர்கள் எல்லோரும் அப்படித்தான். "வச்சு எடுத்துட்டுப் போங்க, அம்மா பாத்துக்கிடுவா" என்று முத்துப்பேச்சி வேறு வழி சொல்லிக்கொடுத்தாள்.

இருளப்பன் இதையெல்லாம் சொல்லி முடித்துவிட்டு, சட்டைப் பையிலிருந்து ஒரு கடிதத்தை எடுத்து நீட்டினார். ஆஸ்பத்திரி அலுவலகத்தில் கொடுத்தது. வளாகத்துக்குள் புதிய வழிபாட்டு இடம் கூடாது. வெள்ளிக்கிழமை காலை பத்து மணிக்குள் சரிசெய்யாவிட்டால் கிரேன் வைத்துத் தூக்கிக் குடோனில் போட்டுவிடுவோம்.

"நாளைக்கு ஒரு நாள்தான் இருக்கு அம்மா. என்ன செய்ய?"

தையல்நாயகி கடிதத்தை மடித்துக் கொடுத்தார்.

"வாங்க, போய்ப் பாப்போம்."

ஆஸ்பத்திரியில் அப்போது நல்ல கூட்டம். சிலை முன்னால் ஏழெட்டுப் பேர் நின்றார்கள். தையல்நாயகி அவர்கள் நகரும்வரை காத்திருந்தார். பிறகு கிட்டே போய் முகத்தைப் பார்த்தார்.

"கண்ணைத் திறந்தது யாரு?"

கல் வேலையில் கண் கடைசி. உடம்பு, உடை, விரல் எல்லாம் முடிந்த பிறகு, குளித்துச் சுத்தமாக வந்து கருவிழிக் கோட்டை வெட்டுவார்கள். அதுவரைக்கும் கல். வெட்டிய பிறகு சாமி. கோயிலுக்குப் போகாத சிலைக்கு அந்தக் கோட்டைப் போடுவதில்லை என்பது பட்டறை வழக்கம்.

"நான்தான்" என்றார் இருளப்பன்.

"மூடினாப்ல விட்டுருங்கன்னு சொல்லியிருந்தேனே அண்ணே."

"சொன்னீங்க. இங்க இறக்கின அன்னிக்கு விடியக்காலம், குளிச்சிட்டு வந்து, ஒரு ரெண்டு நிமிஷம்… கண்ணு இல்லாம அவளை இங்க விட்டுட்டுப் போக மனசு வரலைம்மா."

தையல்நாயகி பெஞ்சைக் காட்டினார்.

"உட்காருங்க."

இருளப்பன் உட்கார்ந்தார். பெஞ்சின் அந்தக் கடைசியில், பாதி உடம்பு வெளியே தொங்க.

"ஏன் அவ்வளவு தள்ளி?"

"சும்மாதான்."

"செருப்பு எங்க?"

அவர் காலைப் பார்த்துக்கொண்டார். செருப்பு இருபதடி தள்ளி வேப்பமரத்தடியில் கிடந்தது.

"மொத நாளும் அங்கதான் கழட்டினீங்களா?"

இதற்குப் பதில் சொன்னது முத்துப்பேச்சி. கேட்காமலே சொன்னாள்.

"இந்த அண்ணாச்சிய பாத்துத்தானம்மா எங்களுக்கே தெரியும்! விடியக்காலம் ஈரத் தலையோட வந்தாரு. செருப்ப அங்கன கழட்டிப் போட்டாரு. கண்ண மூடிக்கிட்டு எவ்வளவு நேரம் நின்னாருங்கீய! ஒண்ணுமில்லாமயா ஒரு மனுஷன் அப்படி நிப்பாருன்னு நான்தான் முதல்ல ரெண்டு முழம் வச்சேன்."

இருளப்பனுக்கு முகத்தைக் கொண்டுபோய் எங்கே வைப்பது என்று தெரியவில்லை. பதினொரு நாளாக ஊர்க்காரர்களைத் திட்டிக்கொண்டிருந்தவர் அவர்.

தையல்நாயகி அவர் பக்கத்தில் நின்றபடியே கேட்டார்.

"மத்தியானம் பட்டறையில எது மேல உட்கார்ந்து சாப்பிடுறீங்க?"

"அந்தத் துவாரபாலகர் மேல. கிடையாக் கிடக்கே, அது மேல."

"கூட யாரு?"

"எல்லாருந்தான். அஞ்சு பேரும் அதுமேலதான் உட்காருவோம்."

"சாமி வாசல்ல நிக்க வேண்டியவர் ஆச்சே. அவர் மேல ஏறி உட்கார்ந்து சோறு சாப்பிடலாமா?"

"அது பின்னமாச்சேம்மா. தூக்கும்போது மூக்கு உடைஞ்சு போச்சு. உடைஞ்சதை யாரு கும்பி…"

பேச்சு அப்படியே நின்றது. இருளப்பன் பெஞ்சிலிருந்து எழுந்துவிட்டார்.

"வேணாம்மா" என்றார். "அது மட்டும் வேணாம்."

அன்று ராத்திரி அவர் சாப்பிடவில்லை. வியாழக்கிழமை காலையில் பட்டறைக்கு வந்ததும் பேரம் பேச ஆரம்பித்தார். கண்டக்டர் புத்தி எங்கே போகும்?

"திறந்த கண்ணை மூடிட்டா?"

"கல்லைக் குறைக்கலாம். கூட்ட முடியுமா அண்ணே?"

"முதுகுல ஒரு சில்லு எடுக்கறேன்."

"கும்பிடுறவங்க முன்னாலதான நிக்கறாங்க?"

"சரி, ஒரு விரல். அந்தக் கையில சுண்டுவிரல்."

"பூவை வச்சு மறைச்சிட்டுக் கும்பிடுவாங்க."

"நீங்க வந்து சொல்லுங்கம்மா. இது சாமி இல்லன்னு நீங்க சொன்னாக் கேப்பாங்க."

"நீங்களே கேக்கலையே."

இருளப்பன் உட்கார்ந்துவிட்டார். அப்புறம் மெதுவாகச் சொன்னார்.

"ஒரு போட்டோ கூட உருப்படியா இல்லம்மா. ரேஷன் கார்டுல ஒண்ணு இருந்துது, அது கரைஞ்சு போச்சு. அஞ்சு வருஷம் யோசிச்சு யோசிச்சு அந்த முகத்தைக் கொண்டு வந்தேன். இப்பக் கண்ணை மூடினா எனக்கு அந்தக் கல்லு முகந்தான் தெரியுது. அதையும் உடைச்சிட்டா என்கிட்ட என்ன இருக்கு?"

தையல்நாயகி அவர் பக்கத்தில் வந்து உட்கார்ந்தார். அவர் கல் நெஞ்சுக்காரி இல்லை.

"குடோனுக்குப் போனா முகம் பத்திரமா இருக்கும் அண்ணே. யாரும் தொட மாட்டாங்க. நீங்க எப்ப வேணா போய்ப் பாத்துக்கலாம். அதுவும் ஒரு வழிதான். நான் தப்புச் சொல்ல மாட்டேன்."

"நெசமாவா?"

"நெசமா."

இருளப்பன் அதையும் யோசித்தார். குடோனில் இருட்டில் பழைய கட்டில்களுக்கு நடுவே அவள் உட்கார்ந்திருப்பாள். பக்கத்தில் கை வைத்து, யாரையோ கூப்பிட்டுக்கொண்டு. வெளியே வெயிலில் யாரோ பேப்பரோடு சுற்றிக்கொண்டிருப்பார்கள்.

எழுந்து போய் உளிகளைப் பார்த்தார். ஒன்றை எடுத்தார். அதை வைத்துவிட்டு, அதைவிடச் சின்னதாக ஒன்றை எடுத்தார்.

"நான் செய்யட்டுமா?" என்று கேட்டார் தையல்நாயகி.

"வேணாம்மா. வேற கை பட வேணாம்."

"அப்ப இப்பவே போவோம். நல்ல வெளிச்சத்துல, எல்லாரும் பாக்கச் செய்யுங்க. மறைவாச் செஞ்சா எவனோ உடைச்சிட்டான்னு ஊரே திரண்டு வரும்."

மத்தியானம் பன்னிரண்டு மணிக்கு இருளப்பன் சிலைக்கு முன்னால் நின்றார். மாலைகளை எடுத்தார். பாவாடையை அவிழ்த்தார். குங்குமத்தைத் துடைத்தார். அதுவரைக்கும் யாரும் ஒன்றும் கேட்கவில்லை, ஏதோ அபிஷேகம் என்று நினைத்துவிட்டார்கள். உளியை மூக்கு நுனியில் வைத்தபோதுதான் முத்துப்பேச்சி வீறிட்டாள்.

"ஏய்! ஏய்! என்ன செய்தீரு? பிடிங்க அந்த ஆள!"

நாலைந்து பேர் ஓடிவந்தார்கள். ஒருவன் அவர் தோளைப் பிடித்தான். சட்டை கிழிந்தது. அடி விழப்போகிறது என்றுதான் எல்லோரும் நினைத்தார்கள். தையல்நாயகி நடுவில் வந்து நின்றார்.

இருளப்பன்தான் பேசினார். பஸ் நெரிசலில் கடைசி சீட்டு வரைக்கும் கேட்கிற குரல் அவருக்கு. அது அன்றைக்கு உடைந்து வந்தது.

"இது அம்மன் இல்ல. என் பொண்டாட்டி. பேரு தனபாக்கியம். இதே ஆஸ்பத்திரில, அந்தா அந்த மாடியில செத்துப்போனா."

தோளைப் பிடித்திருந்த கை தளர்ந்தது.

"உங்களுக்கு அவ ஒண்ணும் செய்ய மாட்டா. அவளால முடியாது. அவளுக்கு வந்தப்பவே அவளால ஒண்ணும் செய்ய முடியல. சும்மா பக்கத்துல உட்காருவா. அதுக்குத்தான் வச்சேன்."

அவர் திரும்பி, சிலையிடம் என்னவோ சொன்னார். என்ன சொன்னார் என்று நமக்குத் தெரியாது, புருஷன் பெண்டாட்டி விவகாரம். சுத்தியல் ஒரு தடவைதான் விழுந்தது. மூக்கு நுனி தெறித்துப் பெஞ்சில் விழுந்தது. தையல்நாயகி அந்த நேரம் வேறு பக்கம் பார்த்தார்.

முத்துப்பேச்சி கொஞ்ச நேரம் மூக்கைச் சிந்திக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். பிறகு, "நல்ல மனுஷன்யா நீரு, ஒரு வார்த்தை முன்னமே சொல்லக் கூடாதா?" என்று திட்டிவிட்டு, கூடையைத் தூக்கிக்கொண்டு பழைய இடத்துக்குப் போனாள். சாயங்காலத்துக்குள் மணியை அவிழ்த்துவிட்டார்கள். கற்பூரம் காட்ட ஒருவரும் வரவில்லை.

உட்காரவும் ஒருவரும் வரவில்லை.

வெள்ளிக்கிழமை ஒன்பதே முக்காலுக்குக் கிரேன் வந்தது. கூடவே ஒரு அலுவலர். அவர் சிலையைச் சுற்றி வந்து பார்த்தார்.

"கும்பிடுறது நின்னுபோச்சு, சரி. ஆனா உட்காரவும் இல்லையே? மூக்கு உடைஞ்ச சிலையை நடுவுல வச்சுக்கிட்டு நான் என்ன பதில் சொல்றது? எடுத்திரலாம் பெரியவரே."

"பத்து மணி வரைக்கும் டைம் இருக்கு சார்."

"இருக்கட்டும். பெல்ட்டைப் போட்டு வைக்கட்டும்."

கிரேன்காரன் பெஞ்சுக்கு அடியில் பெல்ட்டை விட்டு இழுத்தான். போகிறவர்கள் வருகிறவர்கள் அந்த உடைந்த முகத்தைப் பார்த்தார்கள், பார்த்துவிட்டுப் போய்விட்டார்கள். இருளப்பன் மணி பார்த்தார். மறுபடி பார்த்தார். கடைசியில் குருவிடம் திரும்பினார். ஆறு வருஷத்தில் முதல் தடவையாகக் குரலை உயர்த்தினார்.

"உங்க பேச்சைக் கேட்டுத்தானம்மா அவ முகத்தை உடைச்சேன்! இப்ப அவளும் இல்ல, பெஞ்சும் இல்ல. ரெண்டு கெட்டானா நிக்கறேன். திருப்தியா உங்களுக்கு?"

தையல்நாயகி வராண்டாப் பக்கம் பார்த்துக்கொண்டிருந்தார்.

அங்கிருந்து ஒரு பெண் இறங்கி வந்தாள். நாற்பத்தைந்து வயது இருக்கும். தலை கலைந்திருந்தது. கையில் ஒரு பேப்பர். வெயிலில் வளாகத்தை ஒரு சுற்றுச் சுற்றினாள். இன்னொரு சுற்று வந்தாள். மூன்றாவது சுற்றில் பெஞ்சுக்கு எதிரே நின்றாள். சிலையைப் பார்த்தாள். கும்பிடவில்லை. கிரேன்காரனிடம் கேட்டாள்.

"தம்பி, கொஞ்சம் உட்கார்ந்துக்கிடட்டுமா? கால் முடியல."

கிரேன்காரன் அலுவலரைப் பார்த்தான். அலுவலர் அவள் கையிலிருந்த பேப்பரைப் பார்த்தார்.

"உட்காருங்கம்மா" என்றார். கிரேன்காரனுக்குக் கையைக் காட்டினார். இன்ஜின் நின்றது.

அவள் உட்கார்ந்தாள். சிலை கை வைத்திருந்த இடத்துக்குப் பக்கத்திலேயே உட்கார்ந்தாள். பேப்பரைப் பிரித்துப் படித்தாள். எழுத்துக்கூட்டி, உதடு அசைய, மறுபடி முதலிலிருந்து படித்தாள். படித்துவிட்டு மடியில் வைத்துக்கொண்டு சும்மா இருந்தாள். பத்து மணி அடித்தது, பத்தேகால் ஆயிற்று. எப்போது என்று தெரியாது, அவள் தோள் கல்லின் தோளில் சாய்ந்திருந்தது. அலுவலர் போனைக் காதில் வைத்துக்கொண்டு நகர்ந்து போனார். கிரேன்காரன் பெல்ட்டை உருவிச் சுருட்டினான்.

இருளப்பன் அசையாமல் நின்றார்.

கடைசியில் அந்தப் பெண் நிமிர்ந்தாள். கண்ணைத் துடைத்துக்கொண்டாள். பக்கத்து முகத்தை அப்போதுதான் கிட்டத்தில் பார்த்தாள். விரலால் அந்த உடைப்பை மெல்லத் தடவினாள். பிறகு இருளப்பனிடம் கேட்டாள்.

"ஐயா, இந்த அக்காவுக்கு மூக்குல என்ன காயம்?"

இருளப்பன் குருவைத் திரும்பிப் பார்த்தார்.

தையல்நாயகி சொன்னார்.

"உங்க பக்கத்துல உட்காரணும்னு இறங்கி வந்தாங்கம்மா. வர்ற வழியில பட்டுருச்சு."